அகரத்தில் ஒளிந்திருக்கும் நான்காம் வேற்றுமை

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் மறைமலை நகருக்கு அடுத்த நிறுத்தம் சிங்கப்பெருமாள் கோயில். ஊர்ப் பெயரே கோயிலின் பெயர்தான். குன்றைக் குடைந்து செய்த பல்லவர் காலக் குடைவரை. உள்ளே பாடலாத்ரி நரசிம்மர். பாடலம் என்றால் செம்மை, அத்ரி என்றால் மலை. மூலவர் மலையோடு மலையாக இருப்பதால், அவரை வலம் வர வேண்டுமென்றால் குன்றையே சுற்றி வர வேண்டும். இங்கே வருகிறவர்கள் காத்திருந்து பார்ப்பது ஒரு காட்சியைத்தான். அர்ச்சகர் தீபத்தை உயர்த்தி, பெருமாள் நெற்றியில் உள்ள திருமண்ணை மெல்ல விலக்கிக் காட்டுவார். அதன் அடியில் மூன்றாவது கண் இருக்கும். சிவனுக்கு மட்டுமே உரியது என்று பொதுவாக நினைக்கப்படும் நெற்றிக்கண்! ஓரிரு விநாடிதான். பிறகு திருமண் பழையபடி மூடிக்கொள்ளும்.

அந்த நேரத்தில் கூட்டத்தின் வாயில் தானாக வருவது எட்டெழுத்து மந்திரம்: ‘ஓம் நமோ நாராயணாய’. ஓம் ஒன்று, நமோ இரண்டு, நாராயணாய ஐந்து, ஆக எட்டு. வைணவர்கள் இதைத் திருமந்திரம் என்பார்கள். (திருமூலர் எழுதிய திருமந்திரம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இதற்குள்ளும் மூடி வைத்த ஒன்று உண்டு. முதல் எழுத்தான ஓம் என்பதைப் பிரித்தால் அ, உ, ம். அந்த அ-வைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரு வேற்றுமை உருபு. பரம ரகசியம் என்று சொல்லப்படுவது பள்ளிக்கூடத் தமிழ் இலக்கணப் பாடம் மாதிரி இருப்பது வேடிக்கைதான். ஆனால் மனிதன் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அந்த ஒரு உருபை வைத்துத்தான் பதில் எழுதினார்கள். அந்தப் பதிலை யாருக்கெல்லாம் சொல்லலாம் என்பதில்தான் பின்னால் தகராறும் வந்தது.

எழுத்துக்குள் கடவுளைத் தேடுவது என்றதும் உலகத்தில் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது யூதர்களின் கப்பாலா மரபு. அங்கே ‘ஆலெஃப்’ என்ற முதல் எழுத்துக்குத் தனி மரியாதை. எபிரேய எழுத்துகள் மொத்தம் 22, எல்லாமே மெய்கள். ஆலெஃபும் மெய்தான், ஆனால் சத்தமே இல்லாத மெய். வாயைத் திறந்து பேச ஆரம்பிக்கும் முன் தொண்டையில் ஏற்படும் ஒரு சின்ன அடைப்பு, அவ்வளவுதான். எபிரேயத்தில் எழுத்துகளே எண்களும் கூட. ஆலெஃபின் மதிப்பு 1. கடவுள் ஒருவரே என்ற மதத்துக்கு இது போதாதா? அதோடு நிற்கவில்லை. ஆலெஃபின் வடிவத்தைப் பார்த்தால் சாய்ந்த ஒரு கோடு, அதன் மேலே ஒரு சிறு கொக்கி, கீழே ஒரு சிறு கொக்கி. கோடு ‘வாவ்’ என்ற எழுத்து, மதிப்பு 6. கொக்கிகள் இரண்டும் ‘யோத்’, மதிப்பு பத்துப் பத்து. கூட்டினால் 26. யூதர்கள் வாய்விட்டு உச்சரிக்காத கடவுளின் நான்கெழுத்துப் பெயரின் மதிப்பு 10, 5, 6, 5. அதுவும் 26!

கப்பாலாவின் பெரிய நூல் ஸோஹர். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயினின் காஸ்டில் பகுதியில் வெளிப்பட்டது. அதை வெளியிட்டவர் மோசே டி லியோன், 1305ல் இறந்தவர். அதில் ஒரு அழகான கதை. உலகத்தைப் படைக்கும் முன் எழுத்துகள் எல்லாம் கடைசி எழுத்திலிருந்து வரிசையாகக் கடவுள் முன் வந்து ‘என்னை வைத்துத் தொடங்கு’ என்று கேட்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு காரணம் சொல்லித் திருப்பி அனுப்புகிறார். இரண்டாவது எழுத்தான ‘பேத்’ தேர்வாகிறது. (யூத வேதத்தின் முதல் சொல் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது.) ஆலெஃப் மட்டும் முன்னே வராமல் ஒதுங்கி நிற்கிறது. ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்டு, அதன் அடக்கத்துக்காக எண்களின் தலைமையைக் கொடுக்கிறார் கடவுள். பத்துக் கட்டளைகளின் முதல் சொல் ஆலெஃபில் தொடங்குவதையும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். போலந்தில் 1815ல் இறந்த மெண்டல் என்ற ரப்பி இன்னும் ஒரு படி மேலே போனார். சீனாய் மலையில் மக்கள் கடவுள் வாயிலிருந்து நேராகக் கேட்டது அந்த முதல் ஆலெஃபை மட்டும்தான் என்றார். அதாவது, கேட்டது ஒரு மௌனம். மற்றதெல்லாம் மோசே விளக்கியது.

எபிரேய எழுத்தும் நம் பக்கத்து எழுத்தும் சந்தித்ததே இல்லை என்று நினைக்க வேண்டாம். கொல்லத்தில் கி.பி. 849ல் கொடுக்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடு வட்டெழுத்தில் எழுதப்பட்டது. அதன் சாட்சிக் கையெழுத்துகளில் அரபு எழுத்து இருக்கிறது, பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து இருக்கிறது, எபிரேய எழுத்தும் இருக்கிறது. வியாபாரச் சலுகைகள் சம்பந்தப்பட்ட பத்திரத்தில் வியாபாரிகள் போட்ட கையெழுத்து. ஆலெஃபும் அகரமும் ஒரே செப்பேட்டில் இருந்தன, ஆனால் ரகசியம் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. அது கணக்கு வழக்குக்கான சந்திப்பு.

சரி, நம் அகரத்துக்கு வருவோம்.

ஆலெஃபுக்கு நேர் எதிர் நம்முடைய அ. அது சத்தமில்லாத எழுத்து, இது எல்லா எழுத்திலும் சத்தமாக இருக்கும் எழுத்து. மெய்யெழுத்தைத் தனியாகச் சொல்ல வராது, அகரத்தைச் சேர்த்துத்தான் இயக்க வேண்டும் என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. நம் எழுத்து முறையும் அப்படித்தான். க என்று எழுதினால் அதில் அ ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கும். வெளியே அனுப்ப வேண்டுமென்றால்தான் மேலே புள்ளி வைக்க வேண்டும். பிராமியிலிருந்து வந்த இந்திய எழுத்துகள் அநேகமாக எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது என்று ஒன்றைச் சொன்னால் கடவுளை நினைக்காமல் இருக்க முடியுமா? திருக்குறளின் முதல் குறளே எழுத்துக்கு அகரம் எப்படியோ உலகுக்குக் கடவுள் அப்படி என்று உவமை சொல்கிறது. கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன், எழுத்துகளில் தான் அகரம் என்கிறான். குறளில் உவமை, கீதையில் அதுவே ஆள். இந்த இடைவெளி சின்னதாகத் தெரிந்தாலும் சின்னதல்ல.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஆலெஃப் விஷயத்தில் வடிவத்துக்கு அவ்வளவு அர்த்தம் பார்த்தார்கள். அகரத்தின் சுழிக்கும் காலுக்கும் யாரும் அப்படிக் கணக்குப் போடவில்லை. ஏன்? மாமல்லபுரத்துக்கு வடக்கே சில கிலோமீட்டரில் சாளுவன்குப்பம் இருக்கிறது. புலிக்குகை பார்க்கப் போகிறவர்கள் பக்கத்தில் உள்ள அதிரணசண்டன் குகையைக் கவனிக்காமல் வந்துவிடுவார்கள். அந்தக் குகையில் ஒரே வடமொழிக் கல்வெட்டை ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ப்பக்கச் சுவரில் நாகரியிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே சுலோகம், இரண்டு வடிவம். இந்தச் சுவரில் உள்ள அ மாதிரி அந்தச் சுவரில் உள்ள அ இருக்காது. எழுத்தின் உருவம் ஊருக்கு ஊர் மாறும் நாட்டில் உருவத்தில் கடவுளை வைத்தால் நிற்காது, ஒலியில்தான் வைக்க முடியும். யூதர்களுக்கு வேதம் எழுத ஒரே லிபி, நமக்கு வேதம் எழுதாக் கிளவி. வித்தியாசம் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று தோன்றுகிறது. (பிள்ளையார் சுழி மட்டும் வடிவத்தால் பிழைத்திருக்கும் விதிவிலக்கு. அது தனிக் கதை.)

ஓம் என்பதை மூன்றாகப் பிரிப்பது வைணவர்கள் தொடங்கியது அல்ல. மாண்டூக்ய உபநிஷத்தில் அ என்பது விழிப்பு, உ என்பது கனவு, ம என்பது ஆழ்ந்த உறக்கம். மூன்றுக்கும் அப்பால் எழுத்தே இல்லாத நான்காவது ஒரு நிலை, துரீயம். கௌடபாதரும் அவர் வழியில் வந்த அத்வைதிகளும் அந்த மௌன நான்காவதைத்தான் இலக்காகப் பிடித்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட ஆலெஃப் மாதிரி. வைணவ ஆசாரியர்களும் ஓங்காரத்தில் ஒரு நான்காவதைத்தான் தேடினார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது நான்காம் நிலை அல்ல, நான்காம் வேற்றுமை!

இதைச் சுருக்கமாகப் பாடி வைத்தவர் பராசர பட்டர். ராமானுஜரின் சீடரான கூரத்தாழ்வானின் மகன். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள கூரம்தான் அந்தக் குடும்பத்தின் ஊர். எட்டே சுலோகங்களில் அவர் எழுதிய அஷ்டசுலோகீ இந்த அ, உ, ம-வின் பொருளோடுதான் தொடங்குகிறது. இதையே விரிவாக, தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடையில் எழுதியவர் ஸ்ரீரங்கத்துப் பிள்ளை லோகாசாரியர், 13ஆம் நூற்றாண்டு. அவர் எழுதிய 18 ரகசிய நூல்களில் ஒன்று முமுக்ஷுப்படி. முமுக்ஷு என்றால் மோட்சம் விரும்புகிறவன். ஒவ்வொன்றும் ஓரிரு வரியில் சின்னச் சின்ன சூத்திரங்கள்.

அவர்கள் சொல்வது இது. அ என்றால் திருமால். எல்லா எழுத்துக்கும் அதுவே முதல் என்பதால் எல்லாவற்றுக்கும் காரணமானவன் என்று ஒரு பொருள். காப்பது என்று பொருள்படும் ‘அவ’ என்ற வடமொழி வேரிலிருந்து வந்ததாகக் கொண்டு, காப்பவன் என்று இன்னொரு பொருள். ம என்றால் உயிர், ஜீவாத்மா. இதற்கு எண் கணக்கு வைத்திருக்கிறார்கள். வடமொழியில் க-விலிருந்து ம வரை வர்க்க எழுத்துகள் 25. சாங்கிய முறைப்படி மூலப்பொருள், மகான், அகங்காரம், தன்மாத்திரைகள் ஐந்து, பூதங்கள் ஐந்து, இந்திரியங்கள் பத்து, மனம் என்று சடப்பொருள்கள் 24. இருபத்தைந்தாவது, அறிவுள்ள உயிர். ஆகவே இருபத்தைந்தாவது எழுத்தான ம, உயிர். கப்பாலாக்காரர்கள் பார்த்தால் கைகுலுக்கியிருப்பார்கள். தமிழ் நெடுங்கணக்கில் எண்ணினால் ம் பத்தாவது மெய், கணக்கு இடிக்கும். தமிழில் எழுதிய ஆசாரியர்கள் இந்த இடத்தில் மட்டும் வடமொழி வரிசையை விடவில்லை.

இப்போது அ இருக்கிறது, ம இருக்கிறது. இரண்டுக்கும் என்ன உறவு? சூட்சுமம் இங்கேதான். உருபு எதுவும் இல்லாமல் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ‘அவனே உயிர்’ என்று பொருள் கொள்ள வழி திறந்துவிடும். அது அத்வைதத்துக்குக் கொண்டுபோய் விடும். விசிஷ்டாத்வைதிகள் அதை ஏற்க மாட்டார்கள். ஆகவே அ-வுக்குப் பின்னால் ஒரு நான்காம் வேற்றுமை உருபு இருந்து மறைந்திருக்கிறது என்றார்கள். வேதமொழியில் வேற்றுமை உருபு கெடுவதற்குப் பாணினி இலக்கணத்திலேயே இடம் உண்டு. ‘லுப்த சதுர்த்தி’ என்று இதற்குப் பெயர். மறைந்துபோன நான்காவது என்று அர்த்தம்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதே அல்ல. ‘கூலி வேலை’ என்பதை விரித்தால் கூலிக்கு வேலை. நடுவில் ‘கு’ மறைந்திருப்பதால் நான்காம் வேற்றுமைத் தொகை. இரண்டு மதிப்பெண் கேள்வி! அதே மாதிரி அ என்பதை விரித்தால் ‘அ-வுக்கு’. அதாவது அவனுக்கு. ம என்ற உயிர் அவனாக இல்லை, அவனுக்காக இருக்கிறது.

மறைந்திருந்ததை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மந்திரத்தின் கடைசியைப் பார்த்துத்தான். ‘நாராயணாய’ என்பதில் முடிவில் உள்ள ‘ஆய’ வெளிப்படையான நான்காம் வேற்றுமை. நாராயணனுக்கு என்று பொருள். தொடக்கத்தில் ஒளிந்திருப்பது முடிவில் வெளியே வந்து நிற்கிறது. எட்டெழுத்தும் ஓங்காரத்தின் விரிவுதான் என்பது அவர்கள் கொள்கை என்பதால், விரிவில் இருக்கும் உருபு சுருக்கத்திலும் இருந்தாக வேண்டும். நல்ல வாதம் என்றுதான் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை, மந்திரத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள்.

பாக்கி இருப்பது உ. அது ‘மட்டும்’ என்ற பொருள் தருவது. தமிழில் தேற்ற ஏகாரம் செய்யும் வேலை. உ என்பது பிராட்டியைச் சொல்வது என்ற கருத்தும் இருந்தது. லோகாசாரியர் அதையும் குறிப்பிட்டுவிட்டு, மற்றவர்க்கு ஆளாவதைத் தடுப்பதே இங்கே முக்கியம் என்கிறார். ‘இந்த வீடு அவருக்கு’ என்பதற்கும் ‘இந்த வீடு அவருக்கே’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் பத்திரம் எழுதுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். முதலாவதில் பின்னால் இன்னொரு பங்காளி வந்து நிற்கலாம். இரண்டாவதில் வர முடியாது. தேவர்களுக்கென்று வைத்த வேள்விப் பண்டத்தை நாய்க்குப் போடுவது போல என்று கடுமையான உவமையே சொல்கிறார் லோகாசாரியர், உயிர் வேறு ஒருவருக்கு ஆளாவதைப் பற்றி. ஆக அ, உ, ம மூன்றையும் சேர்த்துத் தமிழில் சொன்னால்: அவனுக்கே உயிர். வடமொழியில் மறைந்திருக்கும் உருபும் ஏகாரமும் தமிழில் ‘அவனுக்கே’ என்ற ஒரே சொல்லில் பளிச்சென்று தெரிகின்றன. அடுத்து வரும் ‘நம:’ என்பதையும் ந, ம: என்று பிரித்து ‘எனக்கு அல்ல’ என்று பொருள் சொல்வார்கள். யாருக்கு என்று சொன்ன கையோடு யாருக்கு இல்லை என்பதும் முடிந்துவிடுகிறது.

சொத்துரிமை மொழியிலேயே இவ்வளவும் பேசப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். உயிர் ஒரு சொத்து, அதற்கு உடைமையாளர் ஒருவர், உடைமைக்கு ஆதாரம் அகரத்தில் மறைந்த ஒரு உருபு. கேட்பதற்கு அடிமை சாசனம் மாதிரி இருக்கிறது, அப்படித்தான் அவர்களும் நினைத்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில் இதன் மறுபக்கம் என்ன என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கும். உயிர் அவனுக்கே என்றால் அரசனுக்கு இல்லை, ஆண்டைக்கு இல்லை, குலத்துக்கும் இல்லை. ஏகாரம் எல்லோரையும் வெளியே தள்ளிவிடுகிறது. நூல்கள் இதை இவ்வளவு தூரம் இழுத்துப் பேசவில்லை. என்றாலும் எழுத்து அந்தக் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது.

இதைத் தெரிந்துகொள்ள யாருக்குத் தகுதி? இங்கேதான் ராமானுஜர் வருகிறார். சம்பிரதாயக் கணக்குப்படி அவர் காலம் 1017 முதல் 1137 வரை, பிறந்தது ஸ்ரீபெரும்புதூரில். அவருக்குப் பெரிய நம்பி பஞ்ச சம்ஸ்காரம் செய்து மந்திர உபதேசம் செய்த இடம் இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள மதுராந்தகம், ஏரி காத்த ராமர் கோயிலின் மகிழ மரத்தடி. ராமானுஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்குப் போய் மந்திரம் வாங்கியதை எல்லோரும் சொல்வார்கள், மதுராந்தகத்தைப் பலர் மறந்துவிடுவார்கள். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். மந்திரம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்றால், திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடையாய் நடந்தது எதற்கு?

பொருளுக்காக. எட்டெழுத்து அன்றைக்கே ஊரறிந்த விஷயம். கடல்மல்லையில் பிறந்ததாகச் சொல்லப்படும் பூதத்தாழ்வார் முதல் ஆழ்வார்கள் பலரும் நாராயண நாமத்தை வாயாரப் பாடிவிட்டுப் போயிருந்தார்கள். திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழி முதல் பத்துப் பாட்டும் அந்தப் பெயரின் பெருமைதான். எழுத்து ரகசியம் இல்லை. எழுத்துக்குள் என்ன இருக்கிறது என்பதே ரகசியம். அதைக் காதோடு காதாக, தகுதி பார்த்துத்தான் சொல்லிவந்தார்கள். யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் நரகம் என்று நிபந்தனை போட்டுச் சொல்லிக்கொடுக்கிறார் நம்பி. மறுநாளே ராமானுஜர் கூட்டம் கூட்டிச் சொல்லிவிடுகிறார். கேட்டால், தான் ஒருவன் நரகம் போனாலும் இத்தனை பேர் கரையேறுவார்களே என்கிறார். கோபுரத்தில் ஏறிக் கூவினார் என்பதுதான் எல்லோரும் அறிந்த வடிவம். குருபரம்பரை நூல்களில் இந்த நிகழ்ச்சி ஒரே மாதிரி இல்லை. கேட்டவர்கள் யார், எத்தனை பேர் என்பதெல்லாம் நூலுக்கு நூல் மாறும். கதை வளர்ந்திருக்கலாம். ஆனால் எந்தப் பக்கம் வளர்ந்தது என்று பாருங்கள். கேட்பவர்களின் கூட்டம் பெரிதாகிக்கொண்டே போகும் பக்கமாகத்தான் வளர்ந்திருக்கிறது.

வாய்மொழியாக இருந்ததை ஓலையில் ஏற்றியது அடுத்த கட்டம். காஞ்சிபுரத்துக்கு அருகில் மணற்பாக்கம் என்ற ஊரைச் சேர்ந்த நம்பி ஒருவரின் கனவில் வரதராஜப் பெருமாள் வந்து சில ரகசியங்களைச் சொல்லி, மீதியைக் கேட்க ஸ்ரீரங்கம் போகச் சொன்னார் என்பது ஐதிகம். அங்கே போனால் காட்டழகிய சிங்கர் கோயிலில் பிள்ளை லோகாசாரியர் சீடர்களுக்கு அதே விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நம்பி தூண் மறைவில் நின்று கேட்டு, ஓடிவந்து காலில் விழுகிறார். அந்த ரகசியங்களை நூலாக எழுதச் சொல்லிப் பெருமாளே கட்டளையிட்டார் என்று கதை தொடரும். காட்டழகிய சிங்கர் என்றால் நரசிம்மர்தான். திருமண்ணை விலக்கிக் கண்ணைக் காட்டும் வேலை ஸ்ரீரங்கத்திலும் ஒரு சிங்கப்பெருமாள் முன்னால்தான் நடந்திருக்கிறது!

இதே 13ஆம் நூற்றாண்டில்தான் ஸ்பெயினில் ஸோஹரும் எழுத்துக்கு வந்தது. இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிய வாய்ப்பே இல்லை. ஆனால் எழுதிய விதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஸோஹரை யாரும் வீட்டில் பேசாத பழைய அரமேய மொழியில் எழுதி, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு ரப்பியின் பெயரில் வெளியிட்டார்கள். திறந்த மாதிரியும் ஆயிற்று, மூடிய மாதிரியும் ஆயிற்று. லோகாசாரியர் தன் பெயரிலேயே, தன் காலத்தவர்கள் பேசும் மொழி கலந்த நடையில், வடமொழி தெரியாதவர்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி எழுதினார். இன்றைக்குப் படிக்க மணிப்பிரவாளம் கரடுமுரடாக இருக்கிறது என்பது உண்மை. அதற்கு அவர் என்ன செய்வார்? சுல்தானியப் படை ஸ்ரீரங்கத்தில் நுழைந்தபோது நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவர்களில் முதியவரான அவரும் ஒருவர். மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடியில், ஊர் திரும்பாமலேயே இறந்தார் என்கிறார்கள். நூற்றாண்டு கழித்து மணவாள மாமுனிகள் (1370–1443) உரை எழுதியிராவிட்டால் முமுக்ஷுப்படி பலருக்குப் புரிந்திருக்காது.

ஆனால் எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. எட்டெழுத்தை எல்லா சாதியாருக்கும் கொடுக்கலாம், பெண்களுக்கும் கொடுக்கலாம் என்பதில் பெரிய சண்டை இல்லை. ஓங்காரத்தைச் சேர்த்துக் கொடுக்கலாமா என்பதில்தான் சண்டை. ஓம் வேதத்தின் சாரம், வேதம் ஓதும் உரிமை இல்லாதவர்களுக்கு அது இல்லாமல்தான் மந்திரம் என்பது வடகலையார் நிலை. முழு மந்திரமும் எல்லோருக்கும் என்பது தென்கலையார் நிலை. வடகலை, தென்கலை வேறுபாடுகளைச் சொல்லும்போது வழக்கமாக வரும் விஷயங்களில் இது ஒன்று.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு எழுத்துதானே என்று தோன்றும். மேலே சொன்ன இலக்கணத்தை மனதில் வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஓம் போனால் அ போகும். அ போனால் அதில் மறைந்திருக்கும் ‘கு’ போகும். உ போனால் ‘ஏ’ போகும். ம போனால், மந்திரத்தைச் சொல்கிறவனின் உயிரே மந்திரத்திலிருந்து போய்விடும்! மீதி உள்ள ‘நமோ நாராயணாய’ என்பதிலும் அதே பொருள் விரிவாக இருக்கிறது, நஷ்டம் ஒன்றும் இல்லை என்று வடகலையார் பதில் சொல்லலாம். இலக்கணப்படி அது சரியான பதிலும்கூட. ஆனால் நஷ்டம் இல்லையென்றால் இன்னொருவருக்கு அதை ஏன் மறுக்க வேண்டும் என்ற கேள்விக்கு அது பதிலாகாது. தென்கலைப் பக்கமும் நடைமுறையில் சாதி பார்க்காமல் இருந்துவிடவில்லை, மந்திரத்தில் தாராளம் காட்டிவிட்டுப் பந்தியில் கைவிட்டார்கள்.

லோகாசாரியரின் சீடர்களில் விளாஞ்சோலைப் பிள்ளை என்று ஒருவர். ஈழவ குலத்தில் பிறந்தவர் என்று சம்பிரதாயம் சொல்கிறது. குருவின் ஸ்ரீவசன பூஷணம் என்ற பெரிய நூலின் சாரத்தை ஏழே பாட்டில் ‘சப்த காதை’ என்று எழுதியவர், அந்தப் பாடல்களை இன்றும் படிக்கிறார்கள். ஆசாரியரிடம் ரகசியம் முழுவதும் கேட்டவருக்குத் திருவனந்தபுரம் கோயிலுக்குள் போக உரிமை இல்லை. வெளியே ஒரு விளாமரத் தோப்பில் இருந்துகொண்டு கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அதனால்தான் அந்தப் பெயரே வந்தது. அகரத்தின் பொருள் தெரிந்தவர் தோப்பில், தெரியாதவர்கள் பலர் கோயிலுக்கு உள்ளே.

கம்ப்யூட்டரில் தமிழ் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தகவல். ௐ என்ற தமிழ் ஓங்காரக் குறியீடு 2008ல் யூனிகோடு 5.1 பதிப்பில்தான் தமிழ் எழுத்து வரிசையில் சேர்ந்தது. இப்போது யார் வேண்டுமானாலும் யாரையும் கேட்காமல் தட்டச்சு செய்யலாம், பூணூல் இருக்கிறதா என்று விசைப்பலகை பார்க்காது. உற்றுப் பார்த்தால் அதில் ஓகாரம் தெரிகிறது, மகர மெய் தெரிகிறது. அ மட்டும் எந்த மூலையிலும் தெரியவில்லை.